படிச்சிங்களா, சாரு?

அந்த அம்மா எங்கள் சபையின் செத்தவர்கள் அத்தனை பேரையும் ஒரே மத்தியானத்தில் அழித்துவிட்டார் என்று நான் நம்பினேன். நம்பினவன் வாயை மூடிக்கொண்டு நம்பியிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, சித்தூரில் எங்கள் கோயில் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த நாற்பது பேர் நடுவில் கத்தி நம்பினேன். நான் மடையன் என்பதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் கண்டுபிடித்ததாகப் பெருமைப்பட முடியாது.

அந்த அம்மாவுக்கு அப்போது நாற்பத்தைந்து இருக்கும். மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒற்றை ஷட்டர் வைத்த கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. பூ வைக்கிற இடத்தில் கொண்டையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர் செருகியிருக்கும். மற்றவர்களுக்குக் கோபம் காய்ச்சல் மாதிரி வந்து போகும். இவருக்கு அதுதான் சாதாரண உடம்புச் சூடு. கடைச் சுவர் முழுக்கத் தெலுங்கிலும் தமிழிலும் இங்கிலீஷிலும் கையால் எழுதி ஒட்டிய தாள்கள். ‘பாஸ்வேர்டு மறந்தவர்கள் என்னைக் கேட்க வேண்டாம், எனக்கும் தெரியாது.’ ‘ஒன்றும் தொடவில்லை, தானாகப் போய்விட்டது என்று சொல்கிறவர்கள் வெளியே நிற்கவும்.’

முதல் முறை நான் போனபோது நடந்தது இது.

“இன்னா ஆச்சி?”

“ஒண்ணும் தொடல மேடம். தானா போயிடுச்சி.”

கொண்டையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை உருவிச் சுவரைக் காட்டினார். எங்கள் பக்கத்தில் ‘சார்’ என்பது ‘சாரு’ ஆகிவிடும். “படிச்சிங்களா, சாரு?”

“இல்ல மேடம்.”

“படிங்க. படிச்சிட்டு அதுல போட்டிருக்கிற மாதிரி செய்ங்க.”

வெளியே போய் நின்றேன். மே மாத வெயில். மாங்காய்க் கூழ் ஃபேக்டரியில் ஸ்டோர் கீப்பர் நான், பத்து பேரை நிற்க வைக்கிறவன். கால் மணி நேரம் நின்ற பிறகு உள்ளே கூப்பிட்டு, “இப்ப சொல்லுங்க, இன்னா தொட்டீங்க?” என்றார். தொட்டதையெல்லாம் சொன்னேன். கோயிலில் பாவ அறிக்கை ஜெபத்தில்கூட நான் அவ்வளவு உண்மை சொன்னதில்லை.

எதையும் படிக்காமல் ஒரு பட்டனைத் தட்ட அவர் யாரையும் விடமாட்டார். ஒரு காலேஜ் லெக்சரர், திரையில் வந்த கேள்விகளுக்கெல்லாம் ‘நெக்ஸ்ட், நெக்ஸ்ட்’ என்று தட்டிக்கொண்டே போனார் என்பதற்காக, அவர் கையிலிருந்த மவுஸைப் பிடுங்கித் தன் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டதை நான் கண்ணால் பார்த்தேன். “பசங்க பரீட்சைப் பேப்பரையும் இப்படித்தான் திருத்துவிங்களா?” என்று வேறு கேட்டார். போண்டா சுற்றி வந்த காகிதத்தைக்கூட இந்தப் பக்கம் அந்தப் பக்கம் படித்துவிட்டுத்தான் போண்டாவைப் பிட்டு வாயில் வைப்பார். பாதிச் செய்தி கிழிந்து போயிருந்தால் போண்டாக் கடைக்காரருக்கும் திட்டு விழும்.

இப்படிப்பட்டவரை ஏன் வீட்டுக்குக் கூப்பிட்டேன் என்று சொல்லவேண்டும்.

எங்கள் கல்லறைத் தோட்டத்தின் மேற்கு ஓரம் ரோட்டு அகலத்துக்காகப் போகிறது என்று முனிசிபல் ஆபீஸிலிருந்து நோட்டீஸ் வந்திருந்தது. பெயரும் இடமும் எழுதிக் கொடுக்கிற கல்லறைகளைச் சபையே எடுத்து உள்பக்கம் வைத்துக்கொள்ளலாம். பெயர் இல்லாதது மண்ணோடு மண்ணாக லாரியில் போகும். இதை இவ்வளவு பளிச்சென்று எழுதவில்லை. மூன்று பக்கம் மரியாதையான தெலுங்கில் எழுதியிருந்தார்கள். மரியாதையாக எழுதினால் மண் அள்ளுகிற இயந்திரத்துக்குப் பல் இருக்காது என்று நினைப்பு.

எங்கள் ஆட்களில் கல் நட வசதி இருந்தவர்கள் குறைவு. மற்றதெல்லாம் மண்மேடுதான். அதிலும் ஒரே குழியில் தாத்தா, இருபது வருஷம் கழித்து அவர் மேல் மகன், அதற்கு மேல் மருமகள் என்று வைப்பது எங்கள் வழக்கம். யார் மேல் யார் என்று சொல்ல ஒரே ஆதாரம் பழைய புதைப்பு நோட்டுகள். அவற்றைக் கரையான் என்னைவிட வேகமாகப் படித்துக்கொண்டிருந்தது. அதனால் நோட்டீஸ் வருவதற்கு முன்பே நான் மூன்று வருஷம் உட்கார்ந்து, நானூற்றுச் சொச்சம் பெயர்களையும் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றினேன். ‘மேற்குச் சுவரிலிருந்து பதினோரு அடி, வேப்பமரத்திலிருந்து வடக்கே நாலு’ என்று இடத்தோடு ஏற்றினேன். அந்தப் பதினோரு அடி என் அப்பா, எங்கள் பேச்சில் நைனா. அவருக்கும் கல் இல்லை. கல் நடுகிறேன், நடுகிறேன் என்று இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறவன் நான்தான்.

ஏற்றி முடித்ததும் கோயிலில் எழுந்து, “இனிமே கரையானுக்கு வேற வேலை பார்த்துக் கொடுங்க” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பின் சூட்டில் வீட்டுக்கு வந்து, அரித்துப்போன நோட்டுகளைத் தூக்கிக் குப்பை வண்டியில் போட்டேன். பிரிண்ட் எடுத்தாயா என்று கேட்காதீர்கள். கம்ப்யூட்டர் இருக்கும்போது காகிதம் எதற்கு என்று கேட்ட அறிவாளி நான்.

இன்னொரு விஷயம். ஆந்திராவில் தமிழ் எழுத்துக்கு எங்கே போவது? எல்லையோரத் தமிழ் வீடுகளுக்குக் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற பிரெஸ்காரர் ஒருவர் தன்னிடமிருந்த எழுத்தைக் கொடுத்தார். அந்தக் காலத்து ஃபான்ட். வளைவும் கொடியுமாக இருக்கும். அந்த எழுத்தை உள்ளே வைத்திருக்கிற கம்ப்யூட்டரில் மட்டும்தான் அது தமிழாகத் தெரியும். இது எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அப்போது தெரிந்தது ஒன்றுதான்: எங்கள் செத்தவர்கள் அத்தனை பேரும் கல்யாணப் பத்திரிகை எழுத்தில் ஜோராக இருந்தார்கள். பிரெஸ்காரரும் கொஞ்ச நாளில் கடையை மூடிவிட்டுப் போய்விட்டார்.

லிஸ்ட்டை முனிசிபல் ஆபீஸ் வெப்சைட்டில் ஏற்றவேண்டும், புதன்கிழமை கடைசி நாள் என்றார்கள். என் கம்ப்யூட்டரில் இருந்த பழைய சிஸ்டம் ஏழாம் நம்பர். அதில் அந்த வெப்சைட் திறக்கவே இல்லை. பத்தாம் நம்பருக்கு மாறியே ஆகவேண்டும். வீட்டுக்கு வெள்ளையடிக்கிற மாதிரிதானே, சுவர் அப்படியே இருக்கும், நிறம்தான் மாறும் என்று நினைத்துச் சனிக்கிழமை மத்தியானம் அந்த அம்மாவை வரவழைத்தேன்.

வந்தவர் என் ஃபைல்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். கல்லறை லிஸ்ட்டில் நின்றார். “இது இன்னா எழுத்து? எங்க வாங்கினீங்க?” என்று கேட்டார். “சொர்க்கத்துல இருந்து பார்சல்ல வந்தது” என்றேன். அவர் சிரிக்கவில்லை. தன் பென் டிரைவைச் சொருகி எதையோ நகல் எடுத்துக்கொண்டார். பிறகு புது சிஸ்டத்தைப் போட ஆரம்பித்தார். ‘நிபந்தனைகளை ஏற்கிறேன்’ என்று உலகமே கண்ணை மூடிக்கொண்டு தட்டுகிற அந்தப் பக்கம் வந்தது. அதை வரி விடாமல் படித்தார். வாய்விட்டு, தமிழில் அர்த்தம் சொல்லிச் சொல்லிப் படித்தார். முக்கால் மணி நேரம். என் வீட்டுக்காரி இரண்டு முறை காபி போட்டுவிட்டாள்.

திரையில் சதவீதம் எருமை மாதிரி நகர்ந்துகொண்டிருந்தபோது அவள் கேட்டாள்: “ஏன் மேடம் எல்லாத்தையும் இப்படி உக்காந்து படிக்கிறீங்க?”

“நாங்க ராமகுப்பம். பட்டுப்பூச்சி வளக்கிறவங்க” என்றார் அந்த அம்மா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். “பூச்சி மேல தூவுறதுக்கு நோய் வராத பவுடரு ஒண்ணு உண்டு. எங்க நைனாவுக்குப் படிக்க வராது. கடையில இருந்து ஒரு பாக்கெட் வாங்கியாந்து, ‘இன்னா போட்டிருக்குது பாரும்மா’ன்னாரு. நான் அஞ்சாவது. வெளிய பசங்க ஆடிக்கினு இருந்தாங்க. ‘படிச்சேன் நைனா, அதே பவுடருதான்’ன்னு சொல்லிட்டு ஓடிட்டேன். அது வேர்க்கடலைச் செடிக்குப் போடுற மருந்து. சாயந்தரத்துக்குள்ள அத்தனை தட்டுப் பூச்சியும் சுருண்டுகினு போச்சி. அது நாலு நாள்ல கூடு கட்ட வேண்டிய பூச்சி.”

“அப்புறம்?”

“நைனா கடைக்காரன அடிக்கப் போனாரு. தப்பு மருந்து குடுத்துட்டான்னு ஊரே அவன் கடைக்குப் போறத விட்டுது. நான் வாயத் திறக்கல.”

சத்தமில்லாத இடம் எனக்கு ஆகாது. “அந்தப் பூச்சிங்களுக்கும் ஒரு கல்லறை லிஸ்ட் போட்டுடலாமா மேடம்?” என்றேன்.

அந்த அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் இன்னும் எங்கும் இறக்கி வைக்கவில்லை.

கடைசி வேலை மிச்சமிருக்கும்போது கரண்ட் போனது. காத்திருந்து பார்த்தார். இன்னொரு வீட்டில் அவரை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள். பையிலிருந்து தாளை எடுத்து எழுதி, மானிட்டர் மேல் ஒட்டிவிட்டு, “கரண்ட் வந்ததும் மொதல்ல இத்தப் படிங்க. அப்புறம்தான் மத்ததெல்லாம்” என்றார். நான் அப்போது செல்போனில் மச்சானுக்குப் பட்டுப்பூச்சி ஜோக்கைச் சொல்லிக்கொண்டிருந்தேன். தலையை ஆட்டினேன்.

ஞாயிறு காலையில் கோயிலுக்குக் கிளம்பும் முன் கம்ப்யூட்டரைப் போட்டேன். புது நிறம், புது சத்தம், எல்லாம் ஜோர். பாஸ்டர் ஐயாவுக்குக் காட்ட லிஸ்ட்டைத் திறந்தேன்.

ஒரு தமிழ் எழுத்து இல்லை. இங்கிலீஷ் எழுத்துகள் காலும் தலையுமாகக் குப்பையாகக் கொட்டிக் கிடந்தன. நடுவில் கமாக்கள், அடைப்புக்குறிகள், ஒரு டாலர் குறி. என் நைனா இருந்த வரியில் ஒரு அரைப்புள்ளியும் ஏதோ ஏழெட்டு எழுத்தும். கம்ப்யூட்டர் கெட்ட வார்த்தை பேசுகிற மாதிரி இருந்தது.

“இன்னாங்க, முகம் வேர்க்குது?” என்றாள் வீட்டுக்காரி.

“எல்லாரையும் கொன்னுட்டாடி அந்தப் பொம்பள.”

“ஏற்கெனவே செத்தவங்கதானே.”

சிரிக்கவில்லை நான். ஜோக் அடிக்கிறவனுக்கு அடுத்தவர் ஜோக் பிடிக்காது. கோயில் வாசலில் போய்க் கத்தினேன். அந்த அம்மா ஒரு ஃபிராடு, படிக்கிற மாதிரி நடிக்கிறவள், மிஷினைக் கொடுக்காதீர்கள் என்றேன். பாஸ்டர் ஐயா, “நோட்டு இருக்குதில்லையா?” என்றார் நம்பிக்கையாக. குப்பை வண்டியை நினைத்துக்கொண்டு இன்னும் சத்தமாகக் கத்தினேன். சத்தம் போட்டால் கேள்வி கேட்கமாட்டார்கள்.

திங்கட்கிழமை ஃபேக்டரிக்கு லீவு போட்டுவிட்டு, சி.பி.யு.வை வீட்டுக்காரியின் பழைய புடவையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு திருப்பதி பஸ் ஏறினேன். கல்லறை லிஸ்ட்டைத் தூக்கிக்கொண்டு திருப்பதி போன கிறிஸ்தவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன். பக்கத்து சீட்டுக்காரர் புடவை மூட்டையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, “இன்னா வேண்டுதல்?” என்றார்.

“இதுக்கு மொட்டை போடணும்” என்றேன். எரிச்சலில் சொன்னது.

திருப்பதியில் கண்ணாடிக் கதவு வைத்த கடை. டை கட்டியவர் இரண்டு நிமிஷம் பார்த்தார். “ஃபைல்ஸ் அன்னீ கரப்ட் சார். ஃபார்மேட் சேசி பாத்த சிஸ்டமே வேசேத்தாம்” என்றார். எல்லாம் கெட்டுவிட்டது, முழுக்கத் துடைத்துவிட்டுப் பழைய சிஸ்டத்தையே போடலாமாம். பழசே திரும்பி வருகிறது என்று கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. பழைய சிஸ்டம் வந்தால் பழைய லிஸ்ட்டும் வந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். ஒரு தாளை நீட்டி, “இக்கட ஒக்க சந்தகம் பெட்டண்டி” என்று கையெழுத்துக்கு இடம் காட்டினார். பேனாவைத் தாளில் வைத்துவிட்டேன்.

காதுக்குள் அந்தக் குரல். படிச்சிங்களா, சாரு?

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. அழித்துவிட்டுப் போனதும் இல்லாமல் திருப்பதி வரைக்கும் பின்னால் வருகிறாளே என்று. அந்த ஆத்திரத்திலேயே படித்தேன். நாலாவது வரியில் இருந்தது: மிஷினில் இருப்பது எல்லாம் அழிக்கப்படும், எதுவும் திரும்ப வராது, கடை பொறுப்பல்ல.

“அன்னீயா, எல்லாமேவா?” என்று கேட்டேன்.

“அன்னீ சார்” என்றார் அவர் சந்தோஷமாக.

மிஷினைப் புடவையில் சுற்றிக்கொண்டு வெளியே வந்தேன். பேனாவையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன் என்பது பஸ்ஸில்தான் தெரிந்தது.

சித்தூரில் இறங்கி நேராக மார்க்கெட்டுக்குப் பின்னால் போனேன். அந்த அம்மா கடையில் தனியாக இருந்தார். மேசை காலியாக இருந்தது. வழக்கமாக அங்கே திறந்த வயிற்றோடு நாலைந்து மிஷின்கள் கிடக்கும்.

“வாங்க கல்லறை சாரு” என்றார். “கோயில் வாசல்ல என்னப் பத்திப் பேசினிங்களாம். இன்னிக்குக் காலையில மூணு வீட்டுக்காரங்க வந்து மிஷின எடுத்துகினு போயிட்டாங்க. அதுல ரெண்டு, வேலை முடிஞ்ச மிஷினு.”

“மேடம், லிஸ்ட்டு…”

“ஒட்டியிருந்த பேப்பர படிச்சிங்களா?”

“எந்தப் பேப்பரு?”

அவர் எழுந்து ஷட்டரை இறக்கினார். “மிஷின எடுத்துகினு வீட்டுக்குப் போங்க. இங்க காட்டினா நான் ஏதோ மந்திரம் பண்ணேன்னு அதுக்கும் ஒரு கதை சொல்லுவிங்க. உங்க வீட்ல, உங்க சம்சாரம் எதிர்ல காட்டறேன்.”

நாலு மணிக்கு ஸ்கூட்டியில் வந்தார். உட்காரவில்லை. கம்ப்யூட்டர் மேசையை லேசாக அசைத்துப் பார்த்தார். எப்போதும் ஆடுகிற மேசை அன்று ஆடவில்லை. குனிந்து, மேசைக் காலுக்கு அடியில் எட்டாக மடித்துச் சொருகியிருந்த தாளை உருவினார். சனிக்கிழமை கரண்ட் வந்ததும் மானிட்டரிலிருந்து நான் உரித்த தாள். அவருடைய வழக்கமான உபதேசம் என்று நினைத்து, ஆடுகிற காலுக்கு முட்டுக் கொடுத்திருந்தேன்.

பிரித்து என் வீட்டுக்காரியிடம் கொடுத்தார். அவள்தான் படித்தாள்: “‘தமிழ் எழுத்து டெஸ்க்டாப்பில் தனி ஃபோல்டரில் இருக்கிறது. அதைத் திறந்து இன்ஸ்டால் கொடுத்தபின் கல்லறை லிஸ்ட்டைத் திறக்கவும்.’”

“அந்த ஃபோல்டர் எங்க, சாரு?”

அது எங்கே போனது என்று எனக்குத் தெரியும். ஞாயிறு காலை அதுதான் முதலில் கண்ணில் பட்டது. நான் வைக்காத பொருள் என் வீட்டில் எப்படி வரும், வைரஸ்தான் என்று அழித்தேன். வைரஸ் குப்பைத்தொட்டியிலும் உயிரோடு இருக்குமே என்று அதையும் காலி செய்தேன்.

“தானா போயிடுச்சி” என்று வாய் வரைக்கும் வந்தது. சுவர் ஞாபகம் வந்து விழுங்கினேன்.

பையிலிருந்து பென் டிரைவை எடுத்தார். அதன் மேல் சின்னதாக ஒரு ஒட்டு: ‘கல்லறை சாரு எழுத்து.’ சொருகினார். இரண்டு தட்டு தட்டினார். லிஸ்ட்டைத் திறந்தார்.

எல்லோரும் இருந்தார்கள். வளைவும் கொடியுமாக, வரிசையாக. பதினோரு அடியில் என் நைனா கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணில் தூசி என்றேன்.

“அழுவாதிங்க” என்றார் அந்த அம்மா, அதே கோபத்தோடு. “கீபோர்டு நனைஞ்சா அதுக்கும் நான்தான் வரணும்.”

எந்தக் கம்ப்யூட்டரிலும் தெரிகிற மாதிரி மாற்றி, வெப்சைட்டில் ஏற்றி, ஏறிவிட்டதா என்று வந்த பதிலையும் முழுக்கப் படித்துவிட்டுத்தான் எழுந்தார். மேற்கு ஓரத்தில் இருந்தவர்கள் எல்லோரும், ஒரே குழியில் அடுக்கப்பட்டவர்கள் உட்பட, பிறகு பெயரோடுதான் உள்பக்கம் போனார்கள்.

வாசலில் செருப்பு மாட்டும்போது ஒரு தாளை எழுதி நீட்டினார். “கோயில்ல சொன்னதக் கோயில்லயே எடுத்துடுங்க சாரு. நீங்களா சொன்னா ஜோக் பண்ணிடுவிங்க. இதுல மூணே வரி. அப்படியே படிங்க, போதும்.”

“கட்டாயம் மேடம்.”

அடுத்த ஞாயிறு அறிவிப்பு நேரத்தில் எழுந்து போனேன். தாள் சட்டைப் பையில் இருந்தது. நூற்றைம்பது முகங்கள் சிரிக்கத் தயாராக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. “சபையாருக்கு ஒரு நற்செய்தி. நம்ம ஆளுங்க எல்லாரும் ரெண்டாம் தரம் உயிர்த்தெழுந்துட்டாங்க” என்றேன். பாஸ்டர் ஐயாகூடச் சிரித்தார். சிரிப்பு அடங்குவதற்குள் உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் கடைப் பக்கம் போனேன். போகாமல் இருந்திருக்கலாம்.

“படிச்சிங்களா, சாரு?”

“படிச்சேன் மேடம்.”

கொண்டையில் இருந்த ஸ்க்ரூ டிரைவரை எடுக்கவில்லை. திட்டவும் இல்லை. என்னையே பார்த்தார். அந்தப் பதில் அவருக்கு முன்பே தெரியும், ராமகுப்பத்திலேயே தெரியும்.

மூன்று வீட்டு மிஷின்கள் திரும்பி வரவில்லை. எங்கள் சபையிலிருந்து வேறு மிஷினும் போகவில்லை. ஒரு வருஷம் கழித்து ஷட்டர் இறங்கியே இருந்தது. தடாவில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார் என்று போண்டாக் கடைக்காரர் சொன்னார். “என்னத் திட்டறதுக்கு இனிமே யாரு கீறாங்க?” என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தாள் என் பாட்டுப் புத்தகத்துக்குள் மடித்தது மடித்தபடி இருக்கிறது. மூன்று வரி:

‘கல்லறை லிஸ்ட்டை யாரும் அழிக்கவில்லை. எழுத்து இருந்த ஃபோல்டரை அழித்தது நான். ஒட்டியிருந்த தாளை நான் படிக்கவில்லை.’